ஸ்டே கம்பிக்கு ஒரு முழ இடம்

செஞ்சிக் கடைத்தெருவில் வெங்கடரமணனும் கோவிந்தராஜும் அண்ணன் தம்பி என்று வெளியூர்க்காரன் யாரிடமாவது சொன்னால் அவன் நம்பமாட்டான். ஒருவர் எதிரே வந்தால் மற்றவர் தெருவின் அந்தப் பக்கத்துக்குப் போய்விடுவார். அந்தப் பக்கம் சாக்கடை ஓடினாலும் போய்விடுவார். பொதுவாக இருந்த நிலக்கடலை மண்டியை இரண்டாக்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு நடுவில் சுவர் வைத்தார்கள். நல்ல சுவராக வைக்க இரண்டு பேருக்கும் மனசில்லை. மற்றவனுக்கும் சேர்த்து நாம் எதற்குச் செலவழிப்பது என்று ஒற்றைக்கல் கனத்தில் நிறுத்திவிட்டார்கள். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். கிணற்றுக்கு நடுவில் மட்டும் சுவர் வைக்க வழியில்லாமல் போயிற்று. அதற்கும் கோவிந்தராஜ் கொத்தனாரிடம் யோசனை கேட்டதாகப் பேச்சு. கேட்டிருப்பார், கேட்கக்கூடிய ஆள்தான்.

அண்ணன் பெண்டாட்டி சாரதாவும் தம்பி பெண்டாட்டி ஞானம்பாளும் அந்தக் கிணற்றில்தான் தண்ணீர் சேந்தினார்கள். ஒருத்தி சேந்தும்போது மற்றவள் வரமாட்டாள். அவர்களுக்குள் பேச்சு நின்றது சொத்தினால் அல்ல. சாரதாவின் ஒரே பெண் மீனாம்பாளுக்குக் கல்யாணம் நடந்தபோது நலங்கு வைக்க ஞானம்பாள் மஞ்சள் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். சபை நிறைய உறவுக்காரப் பெண்கள். "பிள்ள பெத்தவங்க வைக்கட்டும் ஞானம்," என்று சொல்லிவிட்டாள் சாரதா. ஞானம்பாளுக்குப் பிள்ளை கிடையாது. ஆனால் மீனாவைத் தூக்கி வளர்த்தவள் அவள். பிரசவத்துக்குப் பிறகு சாரதா ஜன்னி கண்டு மாதக்கணக்கில் கிடந்தபோது புட்டிப்பால் கொடுத்ததிலிருந்து, பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னி அனுப்பியது வரைக்கும் அவள் கைதான். அன்று கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். அந்த வார்த்தையை ஏன் சொன்னோம் என்று சாரதாவுக்கு நன்றாகவே தெரியும். தான் பெற்ற பெண் எந்நேரமும் சித்தி சித்தி என்று அவள் பின்னாலேயே போனதில் வயிற்றெரிச்சல். சாஸ்திரத்தின் பேரைச் சொல்லி அதைத் தீர்த்துக்கொண்டாள். கல்யாணப் பந்தலைப் பிரித்த கையோடு பாகமும் பிரிந்தது.

மீனாவைக் கொடுத்தது மெட்ராஸில், இரும்புக்கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தில். மாடி வீடு, கார், கூடத்தில் டெலிபோன். வெங்கடரமணன் அந்த டெலிபோனைப் பார்த்துத்தான் சம்பந்தம் பேசினார் என்று சொன்னாலும் தப்பில்லை. தலைதீபாவளிக்குப் பெண் வந்தாள். கல்யாணத்தன்று இறுக்கிப் பிடித்த ரவிக்கை தோளில் தொளதொளத்தது. "இன்னாடி இது," என்று சாரதா கேட்டதற்கு, பட்டணத்துச் சாப்பாடு சேரவில்லை என்றாள். மாப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்த மதியத்தில், தண்ணீர் சேந்தப் போனவள் கிணற்றைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டாள். வெகுநேரம் கழித்து சாரதா தேடிப்போய் எட்டிப்பார்த்தாள். ஞானம்பாளின் மடியில் தலை வைத்துக் கண்ணை மூடிக் கிடந்தாள் பெண். ஞானம்பாள் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். சாரதாவுக்கு அப்போது பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. பயம் அவர்கள் ஊருக்குப் போன பிறகு வந்தது.

அதற்குப் பிறகு பெண்ணை அனுப்பவே இல்லை. பொங்கலுக்குக் கேட்டால் மாமியாருக்கு உடம்பு சரியில்லை. மாசிக்குக் கேட்டால் மாப்பிள்ளைக்கு வேலை. கார்டு மட்டும் வரும். எல்லாரும் சௌக்கியம் என்று ஒரே மாதிரி நாலு வரி. ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று சாரதா புருஷனை அரித்துப் பார்த்தாள். பெண்ணைக் கொடுத்த வீட்டில் அழைக்காமல் போய் நின்றால் மரியாதை என்ன ஆவது என்று அவர் வாயை அடைத்துவிட்டார். அவருக்கு மரியாதை முதுகெலும்பு மாதிரி, அது இல்லாவிட்டால் நிற்கமாட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் அவர் என்றைக்கோ எழுதிப் போட்டிருந்த டெலிபோன் மனு பலித்தது. விழுப்புரத்தில் கடலை என்ன விலை போகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும், தம்பிக்குத் தெரிவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும். அவருக்கு அவ்வளவுதான். சாரதாவோ டெலிபோன் என்ற சொல்லைக் கேட்டதுமே மெட்ராஸ் வீட்டுக் கூடத்தை நினைத்தாள். அந்தக் குரலைக் காதால் கேட்டுவிட்டால் போதும். கார்டில் பொய் எழுதலாம், குரலில் முடியாது என்று நம்பினாள்.

லைன்மேன் பச்சைமுத்து வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சிடுசிடுத்த ஆள். கடைத்தெருக் கம்பத்திலிருந்து சந்தைத் தாண்டி வயர் இழுக்க வேண்டும். சந்தில் வைக்கோல் வண்டி போகும். அதற்கு மேலே எட்டாத உயரத்தில் வர வேண்டும். அதற்குக் கீழே ஏற்கெனவே கரண்டு கம்பி வேறு போகிறது. முன்சுவர் பழைய மண்சாந்து, ஆணி அடித்தால் உதிர்கிறது. பாகச்சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர் சிரித்தேவிட்டார். ஆகவே முற்றத்தில் இரும்புக் கம்பம் ஒன்று நட வேண்டும் என்றார். வயர் முழுக்க ஒரே பக்கமாக இழுக்கும் என்பதால், கம்பத்தின் தலையிலிருந்து எதிர்ப்பக்கமாக ஸ்டே கம்பி இறக்கி, தள்ளி ஓர் இடத்தில் கல்லைக் கட்டி ஆழமாகப் புதைக்க வேண்டும். அந்த இடத்தைக் காலால் அளந்துகொண்டே போனவர் பாகச்சுவரில் போய் முட்டினார். எதிர்ப்பக்கம் என்பது கோவிந்தராஜின் முற்றம்.

கம்பத்தை வேறு இடத்தில் நடலாமா, முன்பக்கமாக முட்டுக் கொடுக்கலாமா என்று வெங்கடரமணன் கேட்டார். முட்டுக் கொடுத்தால் மண்டிக்கு மூட்டை வரும் வழி அடைபடும். ஸ்டே இல்லாமலே இழுத்துவிடுங்களேன் என்றார். பச்சைமுத்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ஸ்டே இல்லாத கம்பம் ஆடிக் காத்துக்கு நிக்காதுங்க. சாஞ்சா வயர் போய் கரண்டு கம்பி மேல உக்காரும். அப்புறம் நீங்க அல்லோன்னு காதுல வச்சீங்கன்னா, அதோட சரி. எடம் கெடச்சா சொல்லி அனுப்புங்க, இல்லன்னா மனுவ வாபஸ் வாங்கிக்குங்க."

வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றார் வெங்கடரமணன். டெலிபோன் இல்லாமல் செத்தாலும் சாவேன், அவனிடம் போய் ஒரு முழ இடம் கேட்கமாட்டேன் என்று சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி கத்தினார். அந்தப் பக்கத்திலிருந்து கோவிந்தராஜ் இருமினார். அந்த இருமலுக்கு அர்த்தம் எல்லாருக்கும் புரிந்தது.

சாரதா மறுநாள் முழுக்கச் சும்மா இருந்தாள். அதற்கு அடுத்த நாள், ஞானம்பாள் தண்ணீர் சேந்தும் சத்தம் கேட்டதும் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். கயிற்றை விட்டுவிட்டு ஞானம்பாள் ஒதுங்கி நின்றாள், முடித்துக்கொண்டு போகட்டும் என்று. சாரதா குடத்தைக் கீழே வைத்தாள். விஷயத்தைச் சொன்னாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், வாயில் வரவில்லை. பெண்ணின் பேரைச் சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

தீபாவளியன்று மீனா என்ன சொன்னாள் என்று சாரதா கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றாள் ஞானம்பாள். மடியில் படுத்திருந்தாள், அவ்வளவுதான். எழுந்து போகும்போது, அடுத்த தடவை சொல்கிறேன் சித்தி என்றாள். சின்ன வயசிலிருந்தே அவள் அப்படித்தான். பாத்திரத்தை உடைத்தாலும், வாத்தியாரிடம் அடி வாங்கினாலும் தானாகச் சொல்லமாட்டாள். நாம் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும், ஆமாம் என்றால் 'உம்' என்பாள். ஞானம்பாள் அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் அவள் மனசில் இருப்பதை எல்லாம் எடுத்திருக்கிறாள். சாரதாவுக்கு இது புதுச் செய்தி. பெற்றவளுக்குத் தெரியாத ஒன்றை இவள் இத்தனை சாதாரணமாகச் சொல்கிறாளே என்று அந்த அழுகையிலும் சுருக்கென்று தைத்தது.

"எடம் குடுக்கறேங்க்கா," என்றாள் ஞானம்பாள். "உங்க கொழுந்தனார நா பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு. அவ கூப்புட்டா என்னையும் கூப்புடணும். அங்க கூடத்துல எல்லாரையும் வச்சுக்கிட்டு அவளால வாயத் தொறந்து பேச முடியாது. நா கேக்கறேன், அவ உம்முன்னா போதும். பெரியவரு இருந்தாலும் சரி, இல்லன்னாலும் சரி, ஒரு கொரல் குடுங்க. ஓடியாந்துடறேன்."

சாரதா அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அந்த நேரத்தில் அது பொய்ச் சத்தியம் இல்லை.

கோவிந்தராஜ் அவலூர்பேட்டைச் சந்தைக்குப் போயிருந்த நாளில் பச்சைமுத்து இரண்டு ஆட்களோடு வந்து வேலையை முடித்தார். ஞானம்பாளின் முருங்கைப் பாத்தி ஓரத்தில் ஆளுயரக் குழி வெட்டி, கருங்கல்லைக் கட்டி இறக்கி, மண்ணைத் தண்ணீர் விட்டு இடித்து மூடினார்கள். கம்பி சுவருக்கு மேலே ஏறிப்போய்க் கம்பத்தின் தலையைப் பிடித்துக்கொண்டது. பச்சைமுத்து அதில் தொங்கிப் பார்த்தார், அசையவில்லை. கம்பத்து உச்சியில் பீங்கான் குப்பிகளை மாட்டி வயரை இழுத்துக் கட்டினார். ஞானம்பாள் எல்லாருக்கும் மோர் கொடுத்தாள்.

புருஷனிடம் சாரதா உண்மையைச் சொல்லவில்லை. சர்க்கார் நினைத்தால் யார் வீட்டிலும் ஸ்டே போடலாமாம், சட்டமாம் என்றாள். வெங்கடரமணனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. தம்பி வீட்டு மண்ணைத் தோண்டித் தன் டெலிபோனுக்கு முளை அடித்தது சர்க்கார் என்றால் சும்மாவா. கடைத்தெரு முழுக்க இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சந்தையிலிருந்து திரும்பும்போதே கேள்விப்பட்ட கோவிந்தராஜ் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்தக் கல்லைப் பெயர்த்தால் வல்லத்தில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்ப வரமாட்டேன் என்று ஞானம்பாள் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. கடப்பாரையைக் கீழே போட்ட சத்தமும் கேட்டது. பிறகு அந்த மனிதர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஞானம்பாள் என்ன பாடுபட்டாளோ, யாருக்குத் தெரியும்.

டெலிபோனை முன்னறையில் வெங்கடரமணனின் மேஜைமேல் வைத்தார்கள், பாகச்சுவரை ஒட்டி. அதற்குக் குங்குமம் இட்டார், கற்பூரம் காட்டினார், தூசு படாமல் துணி போட்டு மூடினார். நம்பரை மெட்ராஸுக்கு எழுதிப் போட்டாயிற்று. வாரங்கள் போயின. மணி அடிக்கும்போதெல்லாம் சாரதா அடுப்பை விட்டு ஓடி வருவாள். விழுப்புரம் விலையாக இருக்கும். நாமே கூப்பிடலாமே என்றால், பெண் வீட்டார் நாமாகக் கூப்பிட்டால் அங்கே என்ன நினைப்பார்கள் என்பார். மணி அடிக்கும்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கும் சத்தமும் நின்றுபோகும். சாரதா அதைக் கவனித்துதான் இருந்தாள்.

பங்குனி மாதத்தில் ஒரு மதியம் மெட்ராஸிலிருந்து டிரங்கால் வந்தது. முதலில் மாப்பிள்ளை பேசினார். வெங்கடரமணன் எழுந்து நின்று, இல்லாத துண்டை இடுப்பில் கட்டிக்கொள்கிற பவ்யத்தோடு கடலை எண்ணெய் விலையைச் சொன்னார், மழை இல்லாததைச் சொன்னார். டிரங்காலுக்குக் கிடைத்த மூன்று நிமிஷத்தில் பாதி அதிலேயே கரைந்தது. பிறகுதான் ரிசீவர் சாரதாவின் கைக்கு வந்தது.

"அம்மா," என்றது குரல். தூரத்தில், கிணற்றுக்குள் இருந்து வருவது போல. கண்ணே, ராசாத்தி என்று சாரதா என்னென்னவோ சொன்னாள். மீனா அதையெல்லாம் கேட்டுக்கொள்ளவில்லை. அவசரமாகக் கேட்டாள்.

"அம்மா, சித்தி இருக்காங்களா? செத்த கூப்புடேன்."

எத்தனை மாதம் கழித்து சாரதா இந்தக் குரலைக் கேட்கிறாள். இதற்காக யார் யார் முன்னால் தலை குனிந்தாள், எத்தனை பொய் சொன்னாள். சாப்பிட்டாயா அம்மா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை பெண். சித்தி இருக்கிறாளா என்கிறது. வயிற்றெரிச்சல் பழைய இடத்திலேயே இருந்தது, ஒரு இம்மியும் குறையவில்லை. பக்கத்தில் புருஷன் நிற்கிறார், அவளைக் கூப்பிட்டால் குதிப்பார் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த நொடியில் அவள் அவரை நினைக்கவே இல்லை. பிறகு எவ்வளவோ தடவை தனக்குத் தானே அந்தச் சாக்கைச் சொல்லிப் பார்த்தாள், ஒட்டவில்லை.

"சித்தி ஊர்ல இல்லடி," என்றாள். "எங்கிட்ட சொல்லு."

வயர் அறுந்துவிட்டதோ என்றுகூட நினைத்தாள். பிறகு மீனா, "அப்பிடியா," என்றாள். எல்லாரும் சௌக்கியம், நானும் நல்லா இருக்கேன், நைனாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல் என்றாள். அப்படியே கார்டில் வரும் நாலு வரி. சாரதாவுக்குக் கேட்க வேண்டியது என்னவென்று தெரிந்தது. நாக்கு வரைக்கும் வந்தது. புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அடிக்கிறார்களா என்று எப்படிக் கேட்பது? "நல்லா சாப்புடறியா," என்று கேட்டாள். சாப்பிடுகிறேன் என்றாள் மீனா. நேரம் முடிந்தது என்று ஆப்பரேட்டர் பெண் குறுக்கே வந்தாள்.

வெங்கடரமணன் திருப்தியாக ரிசீவரை வாங்கி வைத்துத் துணியைப் போட்டு மூடினார். கேட்டாயா, பெண் நன்றாக இருக்கிறாள், நீதான் கண்டதையும் நினைத்துக்கொண்டு கிடக்கிறாய் என்றார்.

சாரதா கிணற்றடிக்குப் போனபோது ஞானம்பாள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். ஈரக் கையைக்கூடத் துடைக்கவில்லை. மணி அடித்ததுமே ஓடி வந்து சுவரோடு ஒட்டி நின்றிருக்கிறாள், குரல் கொடுத்த உடனே வந்துவிடுவதற்குத் தோதாக. சாரதா எதையோ சொல்ல வாயெடுத்தாள். விழுப்புரம் விலை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள், அவ்வளவு கீழே இறங்கத் தயாராக இருந்தாள்.

"வேணாங்க்கா," என்றாள் ஞானம்பாள். "நா ஊர்ல இல்லன்னு நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு."

திட்டியிருந்தால் சாரதாவும் ஏதாவது பதிலுக்குச் சொல்லியிருப்பாள். ஞானம்பாள் திட்டவில்லை. கல்லைப் பெயர்த்து எறியப் போகிறாள் என்று சாரதா எதிர்பார்த்தாள், அதையும் செய்யவில்லை. அந்தக் கம்பி பெண்ணுக்காகப் போட்டது, உங்களுக்காக இல்லை, அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆடி பிறந்தது. அந்த வருஷம் காற்று பேய் மாதிரி அடித்தது. மலைப்பக்கமிருந்து கிளம்பி வந்து கடைத்தெருவில் தட்டிகளை எல்லாம் பிடுங்கிப் போட்டது. எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த வீராசாமியும் டெலிபோன் வாங்கியிருந்தார். செலவு மிச்சம் பிடிக்கிறேன் என்று வயரை வேப்பமரத்தில் கட்டச் சொல்லி ஆட்களை நச்சரித்துச் சாதித்துக்கொண்டவர். கிளை முறிந்து வயரும் கிளையும் சேர்ந்து சந்தில் கிடந்தன. நல்லவேளை, கரண்டு கம்பி தப்பியது. வெங்கடரமணன் வீட்டுக் கம்பம் ஒரு விரற்கடைகூடச் சாயவில்லை. ஸ்டே கம்பி இரவு பகலாக வீணைத் தந்தி போல உறுமிக்கொண்டு நின்றது. ஊரே டெலிபோன் இல்லாமல் கிடந்த நாட்களில் அவர் ஒருத்தர் மட்டும் விழுப்புரம் விலையைக் கேட்டுக்கொண்டிருந்தார். யாரைப் பார்த்தாலும் தன் லைனைப் பற்றிப் பெருமை பேசினார்.

மெட்ராஸிலிருந்துதான் அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. ஆடிக்குப் பெண்ணை அழைக்க வேண்டும், நேரில் போய் அழைப்போம் என்று சாரதா மறுபடி ஆரம்பித்தாள். வெங்கடரமணன் டெலிபோனைக் காட்டினார். "அதான் போன் இருக்குதே, நேர்ல எதுக்கு?" என்றார். அவரே டிரங்கால் போட்டு மாப்பிள்ளையிடம் பேசினார். இந்த ஆடிக்குத் தோதுப்படாது என்று மாப்பிள்ளை சொன்னார், சரி என்று இவர் வைத்துவிட்டார். மெட்ராஸ் போவதற்கு அதுவரை அவரிடம் மரியாதை ஒன்றுதான் தடையாக இருந்தது. இப்போது டெலிபோனும் சேர்ந்துகொண்டது. அலைந்து திரிந்து, காலில் விழாத குறையாக அவள் வாங்கிக் கொடுத்த காரணம் அது.

இனிப் பொறுக்க முடியாது என்று ஆன ஒரு நாளில், புருஷன் சந்தைக்குப் போனதும், சாரதா கிணற்றைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள். ஞானம்பாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சாரதா நின்றபடியே பேசினாள்.

"எனக்குக் கேக்கத் தெரியல ஞானம். நா பொறாமையிலதான் அன்னிக்கு அப்பிடிச் சொன்னேன். நீ வந்து கேளு."

ஞானம்பாள் முறத்தைக் கீழே வைத்தாள். அண்ணன் வீட்டு முன்னறைக்குள் பாகம் பிரிந்ததற்குப் பிறகு அன்றைக்குத்தான் கால் வைத்தாள். புருஷன் செய்வதைப் பார்த்துப் பார்த்து சாரதாவுக்குப் பழகியிருந்தது. கைப்பிடியைச் சுழற்றி எக்ஸ்சேஞ்சில் மெட்ராஸ் நம்பரைச் சொல்லி வைத்தாள். இரண்டு பேரும் மேஜைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் முற்றத்தைத் தாண்டுகிற நேரத்தில் மணி அடித்தது.

மெட்ராஸில் எடுத்தது சம்பந்தியம்மாள். குரலில் தேன் ஒழுகியது. நாங்களே கூப்பிடலாம் என்று இருந்தோம், நல்ல சேதி இருக்கிறது, அவளே சொல்லட்டும் என்று மீனாவைக் கூப்பிட்டாள். ஞானம்பாள் ரிசீவரை வாங்கித் தன் காதுக்கும் சாரதாவின் காதுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டாள். இரண்டு தலைகளும் ஒட்டிக்கொண்டு இருந்தன.

"மீனா, சித்திடி," என்றாள் ஞானம்பாள்.

"ஊர்லேருந்து வந்துட்டீங்களா சித்தி?" என்றது குரல்.

ஞானம்பாள் சாரதாவைப் பார்த்தாள். சாரதா கண்ணை மூடிக்கொண்டாள். "வந்துட்டேண்டி," என்றாள் ஞானம்பாள். "வல்லத்துல எங்கம்மாவுக்கு ஒடம்பு முடியல, அங்க போயிருந்தேன். இப்ப நானும் உங்கம்மாவும்தான் இருக்கோம், வேற யாரும் இல்ல. நா கேக்கறேன், நீ உம்முன்னு மட்டும் சொல்லு. அடிக்கிறாங்களா?"

"நல்லா இருக்கேன் சித்தி."

"சோத்துக்குக் கொற வைக்கிறாங்களா?"

"நல்லா இருக்கேன்."

"இங்க வந்துடறியா? ரெண்டு பேரும் வந்து கூட்டியாந்துடறோம். உங்க நைனாவ நா பாத்துக்கறேன்."

மீனாவின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு ஏதோ சமையல் பேச்சு என்றுதான் தோன்றியிருக்கும்.

"அதத்தான் சித்தி அன்னிக்குக் கேக்கலாம்னு இருந்தேன். இப்ப மாசமா இருக்கேன். இனிமே எங்க வர்றது. பழகிடுச்சு."

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றாள். பக்கத்திலேயே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், நீயே சொல் என்று ஞானம்பாள் சொல்வதற்குள், வைத்துவிடுகிறேன் என்று மீனா வைத்துவிட்டாள். நேரம்கூட முடியவில்லை.

ஞானம்பாள் ரிசீவரை அதன் இடத்தில் வைத்தாள். துணியை எடுத்து மூடினாள். சாரதா தரையில் உட்கார்ந்தபடி அவள் ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தாள். செருப்பால் அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள். ஞானம்பாள் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, அரிசி வெயிலில் கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சாயந்திரம் வெங்கடரமணன் திரும்பி வந்ததும் சாரதா சேதியைச் சொன்னாள். எக்ஸ்சேஞ்சை யார் கூப்பிட்டது, கைப்பிடியை யார் சுற்றியது என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. தாத்தா ஆகப்போகிற ஆள், காலே தரையில் பாவவில்லை. டெலிபோனுக்குப் புதுசாகக் குங்குமம் இட்டார். இந்த லைன் வந்த வேளைதான் எல்லாம் என்றார். வாசலில் நின்று போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டுச் சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னார். உள்ளே திரும்பி, எல்லாருக்கும் சர்க்கரை எடுத்து வரச் சொன்னார்.

சாரதா சர்க்கரை டப்பாவோடு வந்தாள். "இன்னாடி மூஞ்சி இப்பிடி இருக்குது, நல்ல சேதிதான?" என்று கேட்டார்.

"நல்ல சேதிதாங்க," என்றாள் சாரதா. நீட்டிய கைகளில் எல்லாம் ஒவ்வொரு சிட்டிகையாகச் சர்க்கரை போட்டுக்கொண்டே போனாள். வீட்டுக்கு வந்துவிடட்டுமா என்று கேட்கத்தான் பெண் அன்று கூப்பிட்டாள் என்பதை அவள் அவரிடம் சொல்லவில்லை, கடைசிவரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை.